டோக்கியோ ரேடியோ சந்தும், அடங்காத ஒரு 'ம்ம்ம்' சத்தமும்!

சனிக்கிழமை காலை 11 மணி. டோக்கியோவின் அகிஹபரா ரயில் நிலையம். 'எலெக்ட்ரிக் டவுன்' என்று எழுதியிருக்கும் வாசல் வழியாகக் கூட்டம் பிதுங்கிக்கொண்டு வெளியே வருகிறது. பெரும்பாலானவர்கள் போவது அனிமே பொம்மைக் கடைகளுக்கும் வீடியோ கேம் மாடிகளுக்கும்தான். அந்தக் கூட்டத்தில் ஓர் இளைஞர் மட்டும் சில அடிகள் நடந்ததும் சட்டென ஒதுங்கி, ரயில் பாலத்துக்கு அடியில் இருக்கும் குறுகலான சந்துக்குள் நுழைகிறார்.

அவர் சட்டைப்பையில் நான்காக மடித்த ஒரு தாள். அதில் பென்சிலால் வரைந்த சர்க்யூட் படம். செல்போனில் 40 விநாடி ஓடும் ஓர் ஒலிப்பதிவு. அதில் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. வெறும் 'ம்ம்ம்ம்...' மட்டும்தான்.

அந்தச் சத்தத்தை நிறுத்துவதற்காகத்தான் அவர் இங்கே வந்திருக்கிறார். ஏப்ரல் மாதத்துக்குள் நிறுத்தியாக வேண்டும். அப்பா வருகிறார்.

மைக்செட்காரர் மகன்

அந்த இளைஞருக்குச் சொந்த ஊர் அறந்தாங்கி பக்கம். வேலை டோக்கியோவில், சாஃப்ட்வேர். வீடு நிஷி கசாய். இந்தியர்கள் அதிகம் வசிக்கும் பகுதி என்பதால், அங்கே இட்லி மாவும் கறிவேப்பிலையும் கிடைப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. அங்கிருந்து டோசாய் லைன் ரயிலில் ஏறி, கயாபாச்சோவில் இறங்கி, ஹிபியா லைனுக்கு மாறினால் அகிஹபரா வந்துவிடும்.

அவருடைய அப்பா 30 வருடம் ஊரில் மைக்செட் வைத்திருந்தவர். கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாணம் என்று எதுவானாலும் வேப்பமரத்தில் ஹாரனைக் கட்டி, பெட்டியைத் திறந்து, வால்வு சூடாகும்வரை காத்திருந்து, முதல் பாட்டை விடுவார். பாட்டு வருவதற்கு முன்னால் ஹாரனில் ஒரு 'ம்ம்ம்' கேட்கும். அதைக் கேட்டதும் தெருப் பிள்ளைகள் ஓடிவருவார்கள். "செட்டு உசுரோட இருக்குன்னு அர்த்தம்டா" என்பார் அப்பா.

அந்த 30 வருடம் ஒரு விலை கேட்டது. ஹாரனுக்குப் பக்கத்திலேயே நின்றதில் அவருடைய செவித்திறன் குறைந்துவிட்டது. அதுவும் ஒரேயடியாகக் குறையவில்லை. பெருஞ்சத்தத்தால் பாதிக்கப்படும் காது முதலில் இழப்பது மெல்லிய, உச்ச ஒலிகளைத்தான். அடித்தொண்டை ஒலிகள் அப்படியே மிஞ்சும். "குயில் கத்துறது கேக்க மாட்டேங்குதுப்பா. ஆனா பக்கத்துத் தோட்டத்து மோட்டார் நல்லா கேக்குது" என்று அப்பா ஒருமுறை போனில் சாதாரணமாகச் சொன்னதை மகனால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்பாவின் பெட்டியைப் பார்த்து வளர்ந்த ஆசையில், மகன் டோக்கியோவில் தானே ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்தார். ஒரு பக்கத்துக்கு மூன்றரை வாட்தான். சின்ன அறைக்கு அதுவே அதிகம். அப்பா வரும்போது அவருக்குப் பிடித்த பி.சுசீலா பாட்டுகளை இதில் போட்டுக் காட்ட வேண்டும் என்பது கனவு. எல்லாம் சரியாக வந்தது, அந்த 'ம்ம்ம்' தவிர. டோக்கியோ அடுக்ககங்களில் சுவர்கள் மெல்லியவை. ராத்திரியில் சத்தமாக வைக்க முடியாது. மெதுவாக வைத்தால் பாட்டுக்குச் சமமாக ஹம் நிற்கிறது. அப்பாவின் காதில் இன்னும் மோசம். அவருக்குக் கேட்காமல்போவது சுசீலாவின் குரலில் இருக்கும் நுணுக்கம். தெளிவாகக் கேட்கப்போவது இந்த ஹம்.

தீயணைப்புச் சாமி பெயரில் ஓர் ஊர்

ரேடியோ பாகங்கள் தேடுபவர்கள் ஏன் அகிஹபராவுக்கு வருகிறார்கள்? அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1869-ல் இந்தப் பகுதியில் பெரிய தீ விபத்து நடந்தது. எரிந்த இடத்தை அரசு வெற்று மைதானமாக விட்டு, தீயிலிருந்து காப்பதற்காக 1870-ல் ஒரு சிறு கோயிலைக் கட்டியது. தீயைத் தடுக்கும் தெய்வம் என்றால் மக்களுக்குத் தெரிந்த பெயர் 'அகிபா'. எனவே, அந்த மைதானம் அகிபாவின் வெளி என்று அழைக்கப்பட்டு, நாளடைவில் அகிஹபரா ஆனது. 1890-ல் சரக்கு ரயில் நிலையம் வந்தது. கோயில் அதற்கு முன்பே வேறு இடத்துக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது டோக்கியோ சாம்பல் மேடாக இருந்தது. செய்தி கேட்க எல்லோருக்கும் ரேடியோ தேவைப்பட்டது. பக்கத்திலிருந்த மின்னியல் கல்லூரியின் மாணவர்கள், கிடைத்த வால்வுகளையும் பாகங்களையும் வைத்து ரேடியோ செய்து விற்றார்கள். அவர்களை நம்பித் தெருவோரம் ரேடியோ பாகக் கடைகள் முளைத்தன. 1949-ல் நேச நாட்டுப் படைகளின் தலைமையகம் தெருக்கடைகளை அகற்ற உத்தரவிட்டது. பிழைப்புக்கு வேறு இடம் கேட்ட வியாபாரிகளுக்கு, சோபு ரயில் பாதையின் மேம்பாலத்துக்கு அடியில் இடம் கிடைத்தது.

அப்படி உருவானதுதான் 'ரேடியோ சென்டர்'. தலைக்கு மேலே ரயில் போகும்போது கடைகள் லேசாக அதிரும். கடைக்காரர்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. 70 வருடத்துக்கும் மேலாகப் பழகிய அதிர்வு.

நம்மூர்ப் பெட்டிக்கடை, ஜப்பான் வடிவில்

உள்ளே நுழைந்தால் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோளைச் சாய்த்து வழிவிட வேண்டிய அகலம்தான். இருபுறமும் கடைகள். கடை என்றால், நம்மூர்ப் பெட்டிக்கடை அளவு. சுற்றிலும் சின்னச் சின்ன டப்பாக்கள், இழுப்பறைகள், தொங்கும் கயிறுகள். நடுவில் ஒரு பொந்து. அந்தப் பொந்துக்குள் ஒரு பெரியவர்.

ஒரு கடையில் ஸ்விட்ச் மட்டும். ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்சில் இத்தனை ரகமா என்று தோன்றும். அடுத்த கடையில் ஸ்க்ரூவும் நட்டும். அதற்கடுத்து ஒயர், மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். இன்னொன்றில் டிரான்ஸ்ஃபார்மர். தூக்கிப் பார்த்தால் அம்மிக்கல் கனம். சில நிமிட நடையில் 'டோக்கியோ ரேடியோ டிபார்ட்' என்று இன்னொரு பழைய கட்டடம். அங்கும் மாடி மாடியாக இதே உலகம்.

வால்வு கடைகளின் முன்னால்தான் கால்கள் தானாக நிற்கும். பழைய அட்டைப்பெட்டிகளில் தோஷிபா, ஹிட்டாச்சி, என்.இ.சி என்று பெயர்கள். அந்த நிறுவனங்கள் ரேடியோ வால்வு செய்வதை நிறுத்திப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இப்போது புதிதாக வருபவை பெரும்பாலும் சீனா, ரஷ்யா, ஸ்லோவாக்கியா தயாரிப்புகள். இந்தியாவிலும் ஒருகாலத்தில் வால்வு செய்தார்கள். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-ல் அதைத் தொடங்கியது. அறந்தாங்கி அப்பா இன்றும் 'பெல் வால்வு' என்று சொல்வது அதைத்தான்.

டிரான்ஸிஸ்டர் வந்து, சிப் வந்து, எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கிய பிறகும் ஜப்பானில் வால்வு ஆம்ப்ளிஃபயரைச் சொந்தமாகச் செய்யும் கூட்டம் குறையாமல் இருந்தது. 1924-ல் தொடங்கப்பட்ட 'முசென் டு ஜிக்கென்' என்ற பத்திரிகை தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குப் பாடப்புத்தகம். அதன் பெயருக்கு 'வயர்லெஸ்ஸும் பரிசோதனையும்' என்று பொருள்.

ஹம் என்றால் பன்றிக்கறியா?

இளைஞர் ஒரு வால்வு கடையின் முன்னால் நின்றார். உள்ளே தலை நரைத்த பெரியவர், கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு எதையோ பிரித்துக்கொண்டிருந்தார்.

இளைஞரின் ஜப்பானிய மொழி அலுவலகத்துக்குப் போதும், சர்க்யூட்டுக்குப் போதாது. செல்போன் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்தார். பெரியவர் "ஹமு?" என்று கேட்க, ஆப் அதைப் 'பன்றி இறைச்சி' என்று காட்டியது. ஜப்பானிய மொழியில் ஆம்ப்ளிஃபயர் ஹம்முக்கும், ரொட்டிக்கு நடுவில் வைக்கும் ஹாமுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான். இருவரும் சிரித்துவிட்டார்கள். செல்போன் பைக்குள் போனது. நான்காக மடித்த தாள் வெளியே வந்தது.

தாளைப் பார்த்ததும் பெரியவர் பென்சிலை எடுத்தார். அதற்குப் பிறகு மொழி தேவைப்படவில்லை.

அந்த 'ம்ம்ம்' எங்கிருந்து வருகிறது?

வால்வு என்பது காற்றை உறிஞ்சிவிட்டு மூடிய ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே ஓர் உலோக இழை இருக்கும். அதுதான் ஃபிலமென்ட். அதில் மின்சாரம் பாய்ந்தால் குண்டு பல்பு மாதிரி சூடாகிச் சிவக்கும். சூடான பரப்பிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி எதிரே இருக்கும் தகட்டை நோக்கிப் பாயும். நடுவில் இருக்கும் கிரிட் என்ற கம்பி வலை, வாய்க்கால் மடை மாதிரி அந்தப் பாய்ச்சலைக் கூட்டிக் குறைக்கும். நுணுக்கமான பாட்டுச் சிக்னல் மடையை அசைக்கிறது. பெரிய நீரோட்டம் அதற்கேற்ப ஆடுகிறது. இவ்வளவுதான் ஆம்ப்ளிஃபயர்.

சிக்கல் அந்த இழையைச் சூடாக்கும் மின்சாரத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வருவது ஏ.சி. மின்சாரம். அது விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தில் ஒரு துளி, பாட்டு போகும் பாதையில் கலந்துவிட்டால் போதும். அடுத்தடுத்த வால்வுகள் பாட்டைப் பெருக்குகிற அதே மரியாதையோடு அதையும் பெருக்கிவிடும். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' வந்துவிடும்.

இதில் ஜப்பானுக்கு ஒரு வேடிக்கை உண்டு. 1895-ல் டோக்கியோ தனக்கு மின்சார இயந்திரத்தை ஜெர்மனியில் வாங்கியது; அது 50 ஹெர்ட்ஸ். அடுத்த வருடம் ஒசாகா அமெரிக்காவில் வாங்கியது. அது 60 ஹெர்ட்ஸ். ஆரம்பத்தில் ஏற்பட்ட அந்த வேறுபாடு இன்றுவரை மாறவில்லை. ஃபுஜி நதியை ஒட்டி ஒரு கோடு கிழித்தால், கிழக்கே 50, மேற்கே 60. அதனால் ஒரே ஆம்ப்ளிஃபயர் டோக்கியோவில் ஒரு சுருதியிலும் ஒசாகாவில் வேறு சுருதியிலும் முனகும். கர்னாடக சங்கீதக் கணக்கில் சொன்னால், டோக்கியோ ஹம்மை 'ஸ' என்று வைத்தால், ஒசாகா ஹம் சாதாரண காந்தாரம்!

நம்மூரும் 50 ஹெர்ட்ஸ்தான். அறந்தாங்கி வேப்பமரமும் நிஷி கசாய் அடுக்ககமும் முனகுவது ஒரே சுருதியில்.

ரெண்டு திருடர்கள்

பெரியவர் சைகையிலும் உடைந்த ஆங்கிலத்திலுமாக இரண்டே கேள்விகள் கேட்டார்.

முதல் கேள்வி: வால்யூமைக் குறைத்தால் ஹம் குறைகிறதா? இல்லை. அப்படியானால் அது வெளியிலிருந்து வரவில்லை. வால்யூம் குமிழைத் தாண்டி, ஆம்ப்ளிஃபயருக்குள்தான் பிறக்கிறது.

இரண்டாவது கேள்வி: மின்சாரத்தை நிறுத்தி, முன்னால் இருக்கும் சின்ன வால்வைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டால்? அதையும் இளைஞர் செய்து பார்த்திருந்தார். ஹம் பாதியாகக் குறைந்தது. ஆனால், போகவில்லை.

பெரியவர் இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார். திருடன் ஒருவன் இல்லை, இரண்டு பேர். ஒருவன் முன்னால் இருக்கும் சின்ன வால்வில். இன்னொருவன் பின்னால் ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய வால்வில்.

பெரிய வால்வு '2ஏ3' ரகம். 1930-களில் அமெரிக்காவில் வந்தது. இதில் சூடாகும் இழையேதான் எலெக்ட்ரானையும் கொடுக்கிறது. நடுவில் மறைப்பு எதுவும் இல்லை. எனவே, ஏ.சி. ஆட்டம் நேரடியாகப் பாட்டில் விழும். ஒரே ஆறுதல், இழைக்குத் தேவை வெறும் இரண்டரை வோல்ட். ஆட்டமும் சின்னது. தராசின் நடுமுள் மாதிரி, இழையின் சரியான நடுப்புள்ளியைப் பிடித்து அங்கே இணைப்புக் கொடுத்துவிட்டால் இரு பக்க ஆட்டமும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

இளைஞர் அந்த நடுப்புள்ளியைப் பிடிக்க இரண்டு சம மதிப்புள்ள ரெசிஸ்டர்களைப் போட்டிருந்தார். காகிதத்தில் அது நடு. நிஜத்தில், எந்த வால்வின் இழையும் அப்படி அளந்து வைத்த மாதிரி இருக்காது. பெரியவர் ஓர் இழுப்பறையைத் திறந்து, கம்பி சுற்றிய 100 ஓம் திருகு ஒன்றை எடுத்து வைத்தார். 'ஹம் பேலன்ஸர்'. காதால் கேட்டுக்கொண்டே திருப்பி, நடு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். அதன் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் செலவுதான்.

"டி.சி. கொடுத்துவிட்டால்?" என்று இளைஞர் கேட்டார். ஏ.சி-யை நேராக்கி டி.சி. ஆக்கி இழைக்குக் கொடுத்தால் ஆட்டமே இருக்காதே!

பெரியவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அது பெரிய வைத்தியம். ஐந்து வோல்ட் கேட்கும் 300பி மாதிரியான வால்வுகளுக்குப் பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அதற்கென ரெக்டிஃபயர், பெரிய கண்டன்சர், ரெகுலேட்டர், அது கிளப்பும் சூடு என்று வேலை கூடும். சரியாகச் செய்யாவிட்டால் 'ம்ம்ம்' போய் 'ஸ்ஸ்ர்ர்' என்று வேறொரு சத்தம் வந்து உட்காரும். முதலில் சின்ன வைத்தியம். அதில் அடங்காவிட்டால் பெரிய வைத்தியம்.

சரி, முதல் திருடன்? பெரியவர் இரண்டு துண்டு ஒயரை எடுத்தார். பேசவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, விளக்குத் திரி திரிப்பதுபோல ஒன்றோடொன்று இறுக்கமாக முறுக்கினார். முறுக்கிய ஒயரைச் சர்க்யூட் படத்தின் ஓரத்தில், மூலையோடு ஒட்டிவைத்துக் காட்டினார்.

அறந்தாங்கியிலிருந்து அதே பதில்

அன்று இரவு வீடியோ காலில் அப்பா.

"என்னப்பா, செட்டு எப்புடி இருக்கு?"

"ஹம் அடிக்குதுப்பா. இன்னிக்குக் கடையில போய்க் கேட்டுட்டு வந்தேன்."

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஹீட்டர் ஒயரு ரெண்டையும் சும்மா இழுத்து விட்டுருப்ப. கயிறு திரிக்கிற மாதிரி முறுக்குடா. பெட்டி மூலையோட ஓட்டு. கிரிட்டு ஒயரு பக்கம் கொண்டுபோவாத."

மகனுக்குச் சிரிப்பு வந்தது. 70 வருடச் சந்தையில் அமர்ந்திருந்தவர் விரலால் சொன்னதை, அப்பா வாயால் சொல்கிறார். ஒருவர் இன்னொருவரைப் பார்த்ததில்லை. ஒரே வேலை, ஒரே பாடத்தை இருவருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

"அப்ப ஏன்ப்பா நம்ம செட்டுல ஹம் வந்துச்சு?"

"திருவிழாவுல யாருடா ஹம்மக் கேக்கப் போறா? வேட்டுச் சத்தத்துல அது என்னா தெரியும்? வீட்டுல வெச்சிக் கேக்குறதுன்னா அது வேற."

ஒயரை முறுக்குவதில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு ஒயரில் மின்சாரம் போகும்போது இன்னொன்றில் திரும்பி வருகிறது. இரண்டும் எதிரெதிர். தள்ளித் தள்ளி ஓடினால், இரண்டுக்கும் நடுவில் காந்தப்புலம் விரிந்து, பக்கத்தில் இருக்கும் நுணுக்கமான கிரிட் ஒயருக்குள் ஹம்மை ஊட்டிவிடும். இறுக்கமாக முறுக்கினால் ஒன்றின் புலத்தை இன்னொன்று அழித்துவிடும். மூலையோடு ஒட்டி ஓட்டினால் மிச்சம் இருப்பதையும் பெட்டியின் உலோகம் வாங்கிக்கொள்ளும். கிரிட் ஒயரைத் தாண்டியே ஆக வேண்டும் என்றால், அதோடு இணையாக ஓடாமல் குறுக்காகத் தாண்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன்

மறுநாள் பெட்டி கவிழ்த்துப் போடப்பட்டது. ஆனால், உடனே கை வைக்கவில்லை. இந்த ஆம்ப்ளிஃபயருக்குள் 300 வோல்ட் அளவுக்கு டி.சி. ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடியவிட்டு, மீட்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்த்த பிறகே வேலை ஆரம்பம். இந்தப் பாடம் தெரியாமல் வால்வு செட்டைத் திறக்கவே கூடாது. யூடியூப் பார்த்து ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கும் இதுதான் முதல் எச்சரிக்கை.

பழைய ஹீட்டர் ஒயர்களை அறுத்து எடுத்தார். புது ஒயரை முறுக்கி, மூலையோடு ஓட்டினார். சின்ன வால்வின் ஹீட்டருக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு 100 ஓம் ரெசிஸ்டர் வைத்து நடுவைப் பிடித்தார். அந்த நடுவைத் தரையோடு சேர்க்காமல், 40 வோல்ட் அளவுக்கு பாசிட்டிவ் டி.சி. கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். ஹீட்டரிலிருந்து கசியும் எலெக்ட்ரான்கள் பக்கத்திலிருக்கும் கேத்தோடுக்குத் தாவாமல் இருக்க இது ஒரு வழி. எவ்வளவு தூக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு வால்வுக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. அதற்குள் நின்றுகொண்டார்.

ஆன் செய்தார். வால்வுகள் மெதுவாக ஆரஞ்சு நிறத்தில் சிவந்தன. ஹம் இருந்தது, ஆனால் பாதி.

அடுத்தது, ஹம் பேலன்ஸர். பிளாஸ்டிக் பிடி போட்ட திருப்புளி. வேலை செய்யாத கை முதுகுக்குப் பின்னால். ஒரு பக்கம் திருப்பினால் 'ம்ம்ம்' பெருத்தது. மறுபக்கம் திருப்பினால் இளைத்தது, இன்னும் இளைத்தது, சட்டெனக் காணாமல்போனது. கொஞ்சம் தாண்டியதும் மறுபடி வந்தது. பின்னோக்கி ஒரு மயிரிழை. அங்கேயே நிறுத்தினார்.

செல்போன் ஆப்பில் 50 ஹெர்ட்ஸ் கோடு படுத்துவிட்டது. 100-ல் மட்டும் ஒரு சின்ன முளை மிச்சம். ஏ.சி-யில் எரியும் இழையில் இரட்டிப்பு ஆட்டம் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். நடுப்புள்ளியால் அதை அழிக்க முடியாது. ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்தால் கேட்டது. ஓரடி தள்ளி உட்கார்ந்தால் கேட்கவில்லை.

உடனே அப்பாவுக்கு வீடியோ கால். போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காட்டினார். "சத்தமே இல்லையேப்பா, நல்லாருக்கு" என்றார் அப்பா. மகனுக்குத் திருப்தி இல்லை. செல்போனின் துளி ஸ்பீக்கருக்கு 50 ஹெர்ட்ஸை ஒலிக்கும் சக்தியே கிடையாது. ஹம் முழுசாக இருந்தாலும் அப்பா இதையேதான் சொல்லியிருப்பார். நேரில் வந்து கேட்டால்தான் தெரியும்.

மூடிய ஷட்டர்கள்

அடுத்த சனிக்கிழமை இளைஞர் மறுபடி சந்துக்குப் போனார், நன்றி சொல்ல. வழியில் கண்ணில் பட்டவை சில மூடிய ஷட்டர்கள்.

அகிஹபரா மாறிக்கொண்டே இருக்கிறது. ரேடியோ சென்டருக்குப் பக்கத்திலேயே இருந்த 'ரேடியோ ஸ்டோர்' 2013-ல் மொத்தமாக மூடப்பட்டது. அடையாளச் சின்னமாக நின்ற 'ரேடியோ கைகான்' கட்டடத்தை இடித்து 2014-ல் புதிதாகக் கட்டினார்கள். பெயரில் ரேடியோ இருக்கிறது. உள்ளே பெரும்பாலும் பொம்மைகளும் சேகரிப்பு அட்டைகளும். பாகங்களை இணையத்தில் வாங்கிவிடலாம். நாளையே வீட்டு வாசலுக்கு வந்துவிடும். பல கடைகளில் அமர்ந்திருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது.

இணையத்தில் 100 ஓம் திருகு கிடைக்கும். "வால்யூமைக் குறைத்தால் குறைகிறதா?" என்று அது திருப்பிக் கேட்காது. அந்தக் கேள்விக்காகத்தான் இன்னும் சிலர் இந்தச் சந்துக்கு வருகிறார்கள்.

பெரியவரிடம் இளைஞர் ஆப்பின் படத்தைக் காட்டினார். பெரியவர் படத்தைப் பார்க்கவில்லை. தன் காதைத் தொட்டு, புருவத்தை உயர்த்தினார். 'காது என்ன சொல்கிறது?' என்று அர்த்தம். இளைஞர் கட்டைவிரலை உயர்த்தினார். பெரியவர் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் வேலைக்குத் திரும்பினார்.

நீங்கள் போவதாக இருந்தால்...

* ஜே.ஆர். அகிஹபரா நிலையத்தில் 'எலெக்ட்ரிக் டவுன்' வாசலில் இறங்கினால் ரேடியோ சென்டர் சில அடி தூரம்தான். காலை 11 மணிக்குப் பிறகு, மாலை 6 மணிக்கு முன்பு போவது நல்லது. வார விடுமுறை கடைக்குக் கடை மாறும்.

* கையில் ரொக்கம் வைத்திருங்கள். படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

* ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அங்கே வாங்கும் ஆம்ப்ளிஃபயரையோ டிரான்ஸ்ஃபார்மரையோ நம்மூர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான் வரும்.

* மொழி தெரியாவிட்டால் கவலை வேண்டாம். சர்க்யூட்டை வரைந்து எடுத்துப் போங்கள்.

ஏப்ரல்

செர்ரிப் பூக்கள் உதிரத் தொடங்கிய வாரத்தில் அப்பா வந்து சேர்ந்தார். பையில் முறுக்கு, மாவடு, அம்மா கொடுத்துவிட்ட பருப்புப் பொடி. பூங்கா, கோயில் எல்லாம் பார்க்கலாம் என்றதற்கு, "அதெல்லாம் அப்புறம். செட்டு எங்க?" என்றார்.

ஜன்னலோரம் சின்ன மேஜையில் இருந்தது. அப்பா எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். மகன் பின்னால் போய் ஸ்விட்சைப் போட்டார். ஒரு நிமிடம் போனது. அப்பா காத்திருந்தார். 30 வருடம் காத்திருந்த அதே காத்திருப்பு. முதலில் 'ம்ம்ம்', பிறகு பாட்டு.

ஒன்றும் வரவில்லை. அப்பா தலையைச் சாய்த்து, நல்ல காதைத் திருப்பினார். பிறகு மகனைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இன்னும் ஆன் பண்ணலையா?"

மகன் பதில் சொல்லாமல் அறையின் விளக்கை அணைத்தார். மேஜை மேல் வால்வுகள் நான்கும் அகல் விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தன.

அப்பா எழுந்து கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். ஸ்பீக்கரில் காதை வைத்தார். நிமிர்ந்தார்.

"முறுக்கிருக்க" என்றார். "சரி, பாட்டப் போடு."